ஒன்பது வார லேப்ரடார் குட்டி, புது க்ரேட், ராத்திரி முழுக்க அழுகை: எப்படிப் பழக்குவது?

வேளச்சேரிவாசி

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு லேப்ரடார் பெண் குட்டி வந்திருக்கிறாள். வயது ஒன்பது வாரம். இரண்டாவது மாடி ஃபிளாட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். எனக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, குட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க முடியாது.

லேப்ரடாருக்கு இதுதான் அளவு என்று கடையில் 42 அங்குலக் கம்பி க்ரேட் (நாய்க்கான கதவு வைத்த கூண்டு) கொடுத்தார்கள். ஹாலில் சோபா பக்கத்தில் வைத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்கு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பிக்கிறாள். முதலில் முனகல், அப்புறம் ஊளை. கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் சங்கடமாக இருக்கிறது. இது போதாதென்று க்ரேட்டின் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு எதிர்மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அம்மாவோ, "பச்சப்புள்ளயக் கூண்டுல போட்டு அடைக்கிறீங்களே, வேணாம்டா" என்று தினமும் சொல்கிறார்.

யூடியூபில் ஒருவர் அழுதால் அழட்டும், திரும்பிப் பார்க்காதே என்கிறார். இன்னொருவர் அழவே விடக்கூடாது என்கிறார். க்ரேட் உண்மையிலேயே தேவைதானா? தேவை என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரி

தம்பி, முதலில் அந்த க்ரேட்டைச் சின்னதாக்குங்கள். 42 அங்குலம் வளர்ந்த லேப்ரடாருக்குச் சரியான அளவு. உங்கள் குட்டிக்கு அது ஒரு அறை. ஒரு பக்கத்தைக் கழிப்பறையாகவும் மறு பக்கத்தைப் படுக்கையாகவும் வைத்துக்கொள்ள இடம் தாராளமாக இருக்கிறது, அதைத்தான் அவள் செய்கிறாள். படுத்த இடத்தை அசிங்கம் செய்யக்கூடாது என்ற உணர்வு நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. அது வேலை செய்ய வேண்டுமானால் இடம் அளவாக இருக்க வேண்டும். எழுந்து நிற்க, ஒரு சுற்றுத் திரும்ப, கால் நீட்டிப் படுக்க முடிந்தால் போதும். பெரும்பாலான கம்பி க்ரேட்டுகளோடு ஒரு டிவைடர் தட்டி தருவார்கள். பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா பாருங்கள். வளர வளர அதைத் தள்ளி வைத்துக்கொண்டே போகலாம்.

அடுத்தது இடம். ஹாலில் தனியாக வைக்காதீர்கள். நேற்று வரை தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் ஒட்டிப் படுத்துத் தூங்கிய உயிர் அது. இன்று இருட்டில், தெரியாத வீட்டில், யாருமே இல்லாமல் கிடக்கிறது. அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டால் கம்பியைத் தொடுகிற தூரத்தில் வையுங்கள். உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டாலே பாதி அழுகை நிற்கும். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம், அப்புறம் ஹாலுக்கு நகர்த்திக்கொள்ளலாம். அவசரமே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: ராத்திரி பத்து மணி பாடம் நடத்துகிற நேரமே இல்லை. க்ரேட்டைப் பகலில் பழக்க வேண்டும். கதவைக் கழற்றி விடுங்கள், அல்லது ஆடாதபடி கட்டி வையுங்கள்; திடீரென்று 'டங்' என்று மோதினால் அந்தப் பயம் போக நாளாகும். உள்ளே ஒரு துண்டு வேகவைத்த கோழியைப் போடுங்கள். போய் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். வரட்டும். மறுபடி போடுங்கள். கையால் பிடித்து உள்ளே தள்ளவே கூடாது. சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு பின்பக்கம் என்று வையுங்கள். உள்ளே நிம்மதியாக நின்று சாப்பிட ஆரம்பித்த பிறகு, சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தி, தட்டு காலியாவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். சாத்துகிற நேரத்தை அப்புறம் மெல்ல நீட்டலாம். உள்ளே போகும்போதெல்லாம் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நாங்கள் "வீட்டுக்குப் போ" என்போம்.

விளையாடிக் களைத்துத் தூங்கி விழுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் நல்ல நேரம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும். அந்தத் தூக்கங்களில் பலவும் க்ரேட்டில் நடந்தால் போதும், அது அவளுடைய படுக்கை ஆகிவிடும்.

தப்பு செய்தாள் என்று கோபத்தில் உள்ளே அடைக்க வேண்டாம். வீட்டுக் குழந்தைகள் யாரும் அதற்குள் புகுந்து விளையாடவும் வேண்டாம்.

தெருநாய்த்தோழன்

நான் இதற்கு நேர் எதிரான கருத்து உள்ளவன், அதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நாய் வளர்த்திருக்கிறோம். திண்ணையில் படுக்கும், மாட்டுக்கொட்டகையில் படுக்கும். யாரும் கம்பிக்கூண்டு வாங்கவில்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. பயணம், நோய் போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு. நாய் வளர்ப்பில் முன்னணியில் இருக்கும் நாடுகளே வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் இதை இறக்குமதி செய்ய வேண்டும்?

நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் ஒரு கோல்டன் ரெட்ரீவர். காலை ஒன்பதுக்கு க்ரேட்டில் போட்டால் மாலை ஆறரைக்குத்தான் திறப்பார்கள். இரவிலும் அதிலேயே. அந்த நாய் வெளியே இருக்கிற நேரம் மிகக் குறைவு. கேட்டால் "ட்ரெய்னிங்" என்கிறார்கள். வாங்கும்போது எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் வாங்குகிறார்கள். வசதியாகப் பழகிவிட்ட பிறகு பூட்டுகிற நேரம் ஏறிக்கொண்டே போகிறது. வேளச்சேரி நண்பரே, உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஒரு ஆள் எப்போதும் இருக்கும்போது ஒரு அறையை ஒதுக்கித் தடுப்பு வைத்தால் போதாதா?

நெல்லை மருத்துவர்

கால்நடை மருத்துவர் என்ற முறையில் சில விஷயங்கள்.

தோழன் சொன்ன அந்த ஒன்பதரை மணி நேர அடைப்பைப் பயிற்சி என்று நானும் சொல்ல மாட்டேன். குட்டியின் மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருகிறதோ, அத்தனை மணி நேரம்தான் பகலில் சிறுநீரை அடக்க முடியும் என்பது ஒரு பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் உச்ச வரம்பு. நடைமுறையில் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே விடுவதே நல்லது. வளர்ந்த நாயையும் பகலில் தொடர்ந்து நாலைந்து மணி நேரத்துக்கு மேல் பூட்டி வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நாய் 'குகை விலங்கு', அதனால் க்ரேட் அதற்கு இயல்பாகவே பிடிக்கும் என்று விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஓநாயும் சரி, நம் தெரு நாயும் சரி, குட்டி ஈனுவதற்கும் குட்டிகள் சிறிதாக இருக்கும் சில வாரங்களுக்கும்தான் வளையோ பள்ளமோ தேடும். மணல் குவியலைத் தோண்டி ஈன்ற நாய் இரண்டு மூன்று மாதம் கழித்து அங்கே படுப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வளையில் கதவும் கிடையாது. ஆகவே க்ரேட்டைப் பிடிக்கவைப்பது நம் பொறுப்பு. மதுரை அம்மா சொன்ன முறை சரியான முறை.

இனி தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில். இந்த ஊசிகள் எல்லாம் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிட்டு மூத்திரம் போகப் பழக்காதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். பால்கனியிலோ, வேறு நாய்கள் வராத மொட்டை மாடியிலோ ஒரு தட்டில் மணல் போட்டோ, புல் பாய் விரித்தோ பழக்குங்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே பொத்தி வைக்கவும் வேண்டாம். 14 வாரம் வரை குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ சத்தம், கோயில் மணி, குடை, ஹெல்மெட் எல்லாம் காட்டுங்கள்.

க்ரேட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். குட்டியின் பாதத்திலும் மூக்கிலும் படும், நக்கினால் விஷம். அதன் நெடி நமக்குத்தான் சுத்தம் போலத் தோன்றும். சிறுநீரின் வாசம் நாயின் மூக்குக்கு அப்படியே இருக்கும், அதே மூலைக்கே திரும்பப் போகும். என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து வெயிலில் காயவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெண் குட்டி அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால், அல்லது நன்றாகப் பழகிய பிறகு திடீரென்று படுக்கையை நனைத்தால், பயிற்சியைக் குறை சொல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று சாதாரணமாக வரக்கூடியது.

வேளச்சேரிவாசி

எல்லாருக்கும் நன்றி. டிவைடர் பெட்டியிலேயே இருந்தது, மாட்டிவிட்டேன். க்ரேட் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில். அக்கா, பகலில் தானாகவே உள்ளே போய் வருகிறாள். ஆனால் நடு ராத்திரி இரண்டு மணி வாக்கில் எழுந்து அழுகிறாள். அது அவசரத்துக்கா, வெளியே வந்து விளையாடுவதற்கா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்தால் அழுது காரியம் சாதிக்கப் பழகிவிடுவாள் என்கிறார்கள்.

மதுரைக்காரி

ஒன்பது வாரக் குட்டி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அழுதால் அது அவசரம்தான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் திறக்காமல் விட்டால் அடக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விடும். அப்படிச் சில இரவுகள் போனால் அசிங்கத்தில் படுப்பது அதற்குப் பழகிப்போகும். அதைத் திருத்துவதுதான் ரொம்பக் கஷ்டம்.

ஆனால் வெளியே எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. பெரிய விளக்கைப் போடாதீர்கள். பேச்சு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். தூக்கிக்கொண்டு நேராக மணல் தட்டுக்குப் போங்கள், நடக்கவிட்டால் வழியிலேயே போய்விடும். தட்டில் விட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். போனால் மெதுவாக ஒரு "நல்ல பொண்ணு", உடனே திரும்பக் கொண்டுவந்து க்ரேட்டில் விடுங்கள். போகாமல் உங்கள் செருப்பைக் கடித்து விளையாட ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், அப்போதும் நேராக க்ரேட்டுக்குத்தான். ராத்திரி வெளியே போவதில் எந்த வேடிக்கையும் இல்லை என்று அதுவே புரிந்துகொள்ளும்.

திரும்ப விட்ட பிறகு முனகினால் அது வேறு. அப்போது விரலைக் கம்பி வழியாக நீட்டுங்கள், அல்லது பக்கத்தில் படுத்திருங்கள். திட்டாதீர்கள், க்ரேட்டைத் தட்டாதீர்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொரு வழி, அழுவதற்கு முன்பே நீங்களே அலாரம் வைத்து எழுந்து எடுத்துப்போவது. ஒன்றரை மணிக்கு வைத்தால், அழுதால் கதவு திறக்கும் என்ற எண்ணம் வரவே வராது. சரியாகப் போகப் போக அலாரத்தைக் கால் மணி நேரம், அரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போங்கள். இதைத்தான் எல்லாருக்கும் சொல்வேன், கீழ் வீட்டுக் கைக்குழந்தைக்கும் நல்லது.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். பகலில் தண்ணீரைத் தடுக்கவே கூடாது, நம் வெயிலுக்கு அது ஆபத்து. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் கிண்ணத்தை எடுத்து வைக்கலாம். பகலுக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: தூங்கி எழுந்ததும் மணல் தட்டு, சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் மணல் தட்டு, விளையாட்டு முடிந்ததும் மணல் தட்டு. இந்த மூன்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டால் அவரே நடத்திவிடுவார். படி இறங்க வேண்டியதில்லை அல்லவா, பால்கனிதானே?

சிப்பிப்பாறை வளர்ப்பாளன்

கோவில்பட்டிப் பக்கம். எங்களுக்குத் தோட்டம் உண்டு, நாய்கள் எல்லாம் கட்டில்லாமல் வளர்பவை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கே பிறந்த வேட்டைநாய் இனங்கள். அவற்றைப் பூட்டி வைப்பதை என் அப்பா காலத்தில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனாலும் நான் குட்டிகளுக்கு க்ரேட் பழக்கித்தான் அனுப்புகிறேன். காரணம், வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேர் இப்போது சென்னை, கோவை, பெங்களூர் ஃபிளாட்டில் இருக்கிறார்கள். காரில் எட்டு மணி நேரம் போக வேண்டும், மருத்துவமனையில் ஒரு இரவு தங்க வேண்டி வரலாம், கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தையல் ஆறும் வரை துள்ளாமல் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் முதல் முறையாகக் கம்பிக்குள் போடப்படும் நாய் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வலியோடு பயமும் சேர்ந்துகொள்ளும்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளிலேயே இருக்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்த குட்டிகள் அதிகம் அழும், அதிகம் கடிக்கும். வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாய்க்கு வியர்வை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். சித்திரை மாதத்தில் மேற்குச் சுவரை ஒட்டி க்ரேட் வைத்து, அதன் மேல் கனமான போர்வையும் போட்டால் அது அடுப்பு. நம் ஊருக்குக் கம்பி க்ரேட்தான் நல்லது. மூடுவதானால் மெல்லிய பருத்தித் துணி, அதுவும் மேலேயும் ஒரு பக்கமும் மட்டும். மின்விசிறிக் காற்று படுகிற இடம், மின்வெட்டு வந்தாலும் ஜன்னல் காற்று வருகிற இடம். பால்கனியில் பூட்டிவிட்டு வெளியே போகவே கூடாது, வெயில் நகர்ந்து வரும், குட்டி நகர முடியாது.

கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே விடுங்கள். கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகிச் செத்த குட்டிகள் உண்டு.

விரிப்புக்குப் பழைய பருத்திப் புடவை நல்லது. சாக்கு வேண்டாம், நாரைப் பிய்த்துத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். புடவையையும் கிழித்துத் தின்கிற குட்டி என்றால் விரிப்பே வேண்டாம், தட்டின் மேல் படுக்கட்டும், நம் சூட்டுக்கு அதுவே பிடிக்கும். வாரம் ஒருமுறை விரிப்பைச் சுடுதண்ணீரில் அலசி, க்ரேட்டின் மூலை முடுக்குகளில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் லேசுப்பட்டது அல்ல.

ஸ்கார்பரோ தமிழன்

நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே குட்டி வாங்கினால் க்ரேட்டும் சேர்த்துத்தான் வாங்குவார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதனாலேயே தெருநாய்த்தோழன் சொன்ன ஆபத்து இங்கே அதிகம். பகல் முழுக்க வேலை, இரவு தூக்கம், இரண்டு நேரமும் க்ரேட். எங்கள் வீட்டில் நாங்கள் மத்தியானத்தில் வந்து நடத்திக்கொண்டுபோக ஒருவரை ஏற்பாடு செய்தோம். பணம் செலவுதான், ஆனால் அது இல்லாமல் நாய் வளர்க்க எங்களுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வேளச்சேரி அண்ணா, உங்களிடம் இருக்கிற ஒன்று இங்கே யாரிடமும் இல்லை: வீட்டில் ஒரு அம்மா. அவரை எதிர்க்கட்சியாக நினைக்காமல் பயிற்சியையே அவர் கையில் கொடுங்கள். மத்தியானச் சாப்பாட்டை க்ரேட்டுக்குள் வைப்பது அவர் வேலையாகட்டும். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு தானாக உள்ளே ஓடுவதைப் பார்த்தால் அவர் மனம் மாறிவிடும். எங்கள் மாமிக்கு அப்படித்தான் மாறியது.

இன்னொன்று, கடினமான ரப்பர் பொம்மை, உள்ளே குடைவாக இருக்கும், காங் என்று விற்பார்கள். அதில் கொஞ்சம் தயிர்சாதம், வேகவைத்த பூசணி அடைத்து ஃப்ரீசரில் வைத்து உறைந்ததும் க்ரேட்டுக்குள் கொடுங்கள். நக்கி நக்கி எடுக்க அரை மணி நேரம் ஆகும், அதற்குள் தூங்கிவிடும். வேர்க்கடலை வெண்ணெய் வைப்பதானால் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள், அது நாய்க்குக் கொடிய விஷம். உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் எதுவும் கூடாது. நான்கு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது கம்பியைக் கடிக்கப் பார்க்கும், அப்போது இந்தப் பொம்மை பல்லைக் காப்பாற்றும்.

தத்தெடுத்த வீடு

எங்கள் அனுபவம் வேறு, அதையும் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் எடுத்தது இரண்டு வயது நாட்டு நாய். எங்கிருந்தோ மீட்கப்பட்டவன், முன்பு எங்கே எப்படி அடைபட்டிருந்தான் என்று தெரியாது. கதவு திறந்திருக்கும்போது க்ரேட்டுக்குள் போய்ச் சாப்பிடுவான். கதவில் கை வைத்தாலே உடம்பு விறைத்துவிடும். பயிற்சியாளர் ஒருவர் வந்து, ஒரு மணி நேரம் பூட்டி விடுங்கள், அடங்கிவிடும் என்றார். அன்று அவன் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, எச்சில் ஒழுகித் தட்டு முழுக்க ஈரம். அந்தப் பயிற்சியாளரை அதோடு நிறுத்தினோம். க்ரேட்டைக் கொடுத்துவிட்டோம்.

இப்போது சமையலறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்புக் கதவு. அவனுக்கு எங்களைப் பார்க்க முடிகிறது, நாலு பக்கமும் அடைபட்ட உணர்வு இல்லை. நிம்மதியாகப் படுக்கிறான். க்ரேட் எல்லா நாய்க்கும் பொருந்தாது. குட்டியிலிருந்து பழகியவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நெல்லை மருத்துவர்

இந்தப் பதிவு வந்தது ரொம்ப நல்லதாயிற்று. இந்த இழையில் இரண்டு விதமான அழுகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

முணுமுணுத்து, குரைத்து, கம்பியைச் சுரண்டி, நடுவில் நிறுத்தி நம்மைப் பார்த்து, மறுபடி ஆரம்பிக்கிற குட்டி தன் விருப்பத்தைச் சொல்கிறது. பொம்மை கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், தின்பண்டம் தின்னும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பீதியில் இருக்கிற நாய் எவ்வளவு பிடித்த தின்பண்டத்தையும் தொடாது. எச்சில் ஒழுகும், விடாமல் மூச்சு வாங்கும், கண் விரியும், கதவைப் பல்லாலும் நகத்தாலும் தாக்கும், பழகிய நாயாக இருந்தாலும் மலம் கழித்துவிடும். அதை விட்டுப் பிடிக்கலாம் என்று நினைத்தால் ஒவ்வொரு முறையும் பயம் கூடும். உடைந்த கோரைப்பல்லோடு என்னிடம் வருகிற நாய்களில் சில இப்படி வந்தவை. உடனே திறந்துவிடுங்கள், அந்த நாய்க்கு க்ரேட் வேண்டாம். தனிமைப் பயம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு.

கடையில் சின்னக் கூண்டில் தன் கழிவிலேயே படுத்து வளர்ந்த குட்டிகளுக்கும் க்ரேட் மூலம் கழிப்பறைப் பழக்கம் எளிதில் வராது. அவற்றுக்குப் பெரிய மடக்கு வேலி வைத்து, ஒரு பக்கம் படுக்கை, மறு பக்கம் மணல் தட்டு என்று ஆரம்பிப்பது நல்லது.

தெருநாய்த்தோழன்

டாக்டர், இப்படிப் பிரித்துச் சொன்னதற்கு நன்றி. பூட்டுகிற நேரத்துக்கு ஒரு வரம்பு, நாயின் உடம்புமொழி பார்த்து விட்டுவிடும் மனசு, இந்த இரண்டும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் பெரிதாக இல்லை. ஆனால் எங்கள் அடுக்ககத்து கோல்டன் ரெட்ரீவருக்கு இது இரண்டும் இல்லை. அந்த வீட்டுக்காரரிடம் இந்த இழையைக் காட்டப்போகிறேன்.

கீழ் வீட்டு விஷயத்துக்கு ஒன்று: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது. அதே வழிகாட்டுதல், இரவில் நாயை அமைதியாக வைத்துக்கொள்ளும்படி நம்மையும் கேட்டுக்கொள்கிறது. சட்டத்தை எடுப்பதற்கு முன் ஒரு தடவை குட்டியோடு கீழே போய் அவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.

வேளச்சேரிவாசி

கீழே போய்ப் பேசிவிட்டோம். அவர்கள் வீட்டுப் பெரியவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறார்.

அலாரம் முறை நன்றாக வேலை செய்தது. இப்போது காலை ஐந்தரை வரை தூங்குகிறாள், க்ரேட் ஈரமாவதே இல்லை. மத்தியானச் சாப்பாடு அம்மா பொறுப்பு. "உள்ள போ கண்ணு" என்று அம்மா சொன்னால்தான் வேகமாக ஓடுகிறாள், நாங்கள் சொன்னால் யோசிக்கிறாள். பகலில் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. அம்மா குளிக்கப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் மட்டும் சாத்துகிறார்.

இரண்டு கேள்வி மீதி. டிவைடரை எப்போது முழுவதும் எடுக்கலாம்? அப்புறம், தீபாவளி வருகிறது. வெடிச் சத்தத்துக்கு க்ரேட்டில் பூட்டி வைப்பது நல்லதா?

மதுரைக்காரி

திரும்பிப் படுக்கும்போது தட்டி இடிக்கிறது என்றால் ஒரு பங்கு தள்ளுங்கள். தள்ளிய பிறகு மூலையை நனைத்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் பொறுங்கள். லேப்ரடார் ஆறு ஏழு மாதத்தில் கிட்டத்தட்ட முழு இடமும் கேட்கும். க்ரேட்டே வேண்டாம் என்று எடுக்க அவசரப்படாதீர்கள். லேப்ரடார்கள் கடிக்கிற வயது ஒரு வருடம் தாண்டியும் போகும், செருப்பிலிருந்து சார்ஜர் வயர் வரை. யாரும் பார்க்க முடியாத நேரத்துக்கு அது பாதுகாப்பு.

தீபாவளிக்கு: பூட்ட வேண்டாம். க்ரேட்டை வீட்டின் நடு அறைக்கு, தெரு ஜன்னலிலிருந்து தள்ளி நகர்த்துங்கள். மூன்று பக்கம் துணி போட்டு மூடி, மின்விசிறியைப் போட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். பயந்தால் தானே உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும், கட்டிலுக்கு அடியில் போனாலும் விடுங்கள், இழுக்காதீர்கள். டிவியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். யாராவது ஒருவர் கூடவே இருங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பதெல்லாம் சும்மா, தாராளமாகத் தடவுங்கள். இப்போதிருந்தே போனில் வெடிச் சத்தத்தை மிக மெல்லிய ஒலியில் வைத்து, கூடவே கோழித் துண்டு கொடுத்துப் பழக்குங்கள். ஒலியை நாளாக நாளாகத்தான் கூட்ட வேண்டும்.

நெல்லை மருத்துவர்

இத்துடன் ஒன்று சேர்க்கிறேன். அரசு வெடிக்க ஒதுக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நடப்பில் அதற்கு ஒரு வாரம் முன்பே சத்தம் ஆரம்பித்துவிடும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அந்த வாரம் முழுவதும் மாலை நடையை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள், வெளியே போகும்போது சங்கிலி கையிலேயே இருக்கட்டும். பட்டையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள். வெடிக்குப் பயந்து ஓடிப்போகும் நாய்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் உண்டு. நடை முடிந்து வந்து க்ரேட் பக்கம் விடும்போது மட்டும் பட்டையைக் கழற்றுங்கள், வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொம்பவே நடுங்கினால் முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள், பண்டிகை நாளில் ஓடி வராதீர்கள். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அடுத்த ஊசிக்கு எப்படியும் போக வேண்டுமே, அப்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.